வண்டி ஏறும் குழந்தையும் தடுப்பூசி அட்டையும்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலம் சென்று வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்று ஒரு செய்தி சொல்ல விரும்புகின்றேன். செய்தி புதியதன்று. குழந்தைகளுக்குக் காலந்தவறாமல் தடுப்பூசி போடவேண்டும் என்பதே அது. 'இதனை அறியாதவர் யார்?' என்று நீங்கள் கேட்கக்கூடும். அறியாதவர் மிகச் சிலரே என்பதில் ஐயமில்லை. தமிழ்நாடும் கேரளமும் இத்துறையில் நெடுங்காலமாக முன்னணியில் நிற்பவை. ஐந்து நோய்களைத் தடுக்கும் மருந்தை ஒரே ஊசியில் அடக்கித் தரும் முறையை இந்திய அரசு 2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் முதன்முதலாகத் தொடங்கியது இவ்விரு மாநிலங்களில்தான். அங்ஙனமிருக்க, தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு வரும் குழந்தைக்கு மட்டும் ஒன்றிரண்டு ஊசிகள் விட்டுப்போவது ஏன்? இங்கும் மருந்து இருக்கின்றது, அங்கும் இருக்கின்றது. இடையில் நிற்பவை இரண்டே: ஒன்று பயணம், மற்றொன்று மொழி. இவ்விரண்டைப் பற்றியே பேசப்போகின்றேன்.

நான் மருத்துவன் அல்லன். நடுவணரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். குடியிருப்பது கொச்சியில், மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல்லில். இப்பகுதிக்குத் தமிழ் புதியதன்று. அண்மையில் உள்ள கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் வாழும் வண்ணார் சமூகத்தாரின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் சலவைத் தொழிலின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். துறைமுகத்தை ஒட்டிய வாத்துருத்தியில் கூலி வேலையை நம்பிய தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் தமிழ் கேளாத நாளே இல்லை. பல தலைமுறைக்கு முன்னர் வந்தோர்க்கு மலையாளம் தாய்மொழி போலவே ஆகிவிட்டது. சென்ற ஆண்டோ சென்ற மாதமோ வந்தவர்களின் நிலைதான் வேறு. அவர்களை நினைத்தே இப்பேச்சை அமைத்திருக்கின்றேன். சுள்ளிக்கல்லுக்குச் சொல்வது தாராவிக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் பொருந்தும்.

முதலில் பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் குடும்பங்களில் மாறாத வழக்கம். கொச்சியில் கணவன் வேலை செய்ய, மனைவி தேனிக்கோ தென்காசிக்கோ திண்டுக்கல்லுக்கோ சென்று பிள்ளை பெறுகின்றாள். மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ நல்ல நாள் பார்த்துக் குழந்தையோடு திரும்புகின்றாள். இவ்வழக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயின் தடுப்பூசியின் கால அட்டவணையை இதனோடு பொருத்திப் பாருங்கள்.

குழந்தை பிறந்தவுடன் மூன்று மருந்துகள் தருகின்றார்கள். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி, இளம்பிள்ளை வாதத்துக்கு எதிரான சொட்டு மருந்து, பி வகை மஞ்சள் காமாலைக்கு எதிரான ஊசி என்பன அவை. காமாலை ஊசியை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போடவேண்டும். மருத்துவமனையிலேயே பிள்ளை பிறப்பதால் இவை பெரும்பாலும் தவறுவதில்லை. அடுத்து, ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என மூன்று தவணைகள். அதாவது ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி, பி வகைக் காமாலை, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் எதிரான ஊசி இம்மூன்று தவணைகளிலும் உண்டு. இளம்பிள்ளை வாதத்துக்கும், ரோட்டா வைரஸ் உண்டாக்கும் வயிற்றுப்போக்குக்கும் எதிரான சொட்டு மருந்துகளும் அவ்வாறே. நியூமோகாக்கஸ் என்னும் நிமோனியாக் கிருமிக்கு எதிரான ஊசியும், இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்தோடு சேர்த்துப் போடும் ஊசியும் முதல் தவணையிலும் மூன்றாம் தவணையிலும் வரும்.

இப்பொழுது கணக்கிடுங்கள். தாய் புறப்படும் மூன்றாம் மாதம் இரண்டாம் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் நடுவில் வந்து விழுகின்றது. 'கொச்சிக்குத்தானே போகிறாள், அங்கே போட்டுக்கொள்ளட்டும்' என்று பிறந்த வீட்டார் நினைக்கின்றார்கள். வந்த இடத்தில் புது வீடு, புது மொழி, கணவனுக்கு விடுப்பில்லாத வேலை. 'அடுத்த முறை ஊருக்குப் போகும்பொழுது போட்டுக்கொள்ளலாம்' என்று இவர்கள் நினைக்கின்றார்கள். இருவர் நினைப்பும் நல்ல நினைப்பே. இரண்டுக்கும் இடையில் குழந்தைக்குரிய ஊசி மட்டும் விடுபட்டுப் போகின்றது.

இதற்கு வழி எளியது. புறப்படும் நாளை நிச்சயிக்கும்பொழுது பஞ்சாங்கத்தோடு தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். தவணை நாளுக்குச் சில நாளே இருப்பின், ஊசியைப் போட்டுக்கொண்டு புறப்படுங்கள். அல்லாவிடில், வந்து சேர்ந்த வாரத்திலேயே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சுள்ளிக்கல்லில் இருப்போர்க்குக் கருவேலிப்படி, மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி ஆகிய இடங்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. அரசு நிலையங்களில் தடுப்பூசிக்குக் கட்டணம் இல்லை. 'இந்த மாநிலத்துக் குடும்ப அட்டை இல்லையே, சேர்த்துக்கொள்வார்களா?' என்று தயங்குவோர் உண்டு. தேசியத் தடுப்பூசித் திட்டம் நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது; பெற்றோர் எந்த மாநிலத்தவர் என்பதைப் பொறுத்ததன்று.

தவணை தப்பிவிட்டது என்று அஞ்சி வீட்டில் இருந்துவிடுவது மற்றொரு துன்பம். மூன்றரை மாதத்தில் போடவேண்டியதை ஆறாம் மாதத்தில் கொண்டுபோனால் செவிலியர் கடிந்துகொள்வாரோ என்னும் கூச்சமே பலரைத் தடுக்கின்றது. நாள் கடந்து போனமையால் முன்பு போட்ட ஊசிகள் வீணாவதில்லை. முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இரண்டு தவணைகளுக்கு இடையே நான்கு வாரமேனும் இருக்கவேண்டும் என்பதே விதி. பி.சி.ஜி.யை ஒரு வயதுக்குள்ளும், தட்டம்மை ஊசியை ஐந்து வயதுக்குள்ளும் போட்டுக்கொள்ள இடமுண்டு. காலந்தாழ்த்துவதனால் வரும் கேடு வேறு: ஊசி விழாத அத்தனை நாளும் குழந்தை காப்பில்லாமல் இருக்கின்றது என்பதே அது.

ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிரான ஊசி. அதனோடு நியூமோகாக்கஸ் ஊசியும் இளம்பிள்ளை வாத ஊசியும் மூன்றாம் முறையாக வரும். வைட்டமின் ஏ மருந்தும் தருவார்கள். பதினாறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் தட்டம்மை ஊசி இரண்டாம் முறை; முன்னைய ஊசிகளுக்கு ஊக்க மருந்தும் அப்பொழுதே. பின்னர் ஐந்து வயது முடிந்து ஆறுக்குள் ஒன்று, பத்து வயதில் ஒன்று, பதினாறில் ஒன்று. ஒன்பது மாதத்தோடு ஊசி முடிந்தது என்று எண்ணி அட்டையைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவோரே பலர். தட்டம்மைக்கு இரண்டாம் ஊசியும் விழுந்தால்தான் காப்பு முழுமையாகும்.

இனி மொழிக்கு வருவோம். இது என் தொழிலைச் சார்ந்தது.

தமிழும் மலையாளமும் உடன்பிறப்புகள். ஆதலின் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதி விளங்கும். அந்தப் பாதி விளக்கமே சில வேளை ஏமாற்றிவிடுகின்றது. ஊசி போட்ட செவிலியர் தாயிடம், 'குட்டிக்குப் பனி வரும், பேடிக்கண்டா' என்கின்றார். குட்டி என்பது குழந்தை. பனி என்பது காய்ச்சல். 'பேடிக்கண்டா' என்றால் அஞ்சவேண்டாம். தமிழ்த் தாயின் காதில் பனி என்பது மார்கழிப் பனியாகவே விழுகின்றது. அவள் வீட்டுக்கு வந்து சன்னலை அடைத்துக் குழந்தையைக் கம்பளியில் சுற்றி வைக்கின்றாள். இரவில் உடம்பு சுட்டதும் திகைக்கின்றாள். காய்ச்சல் வரும் என்று சொல்லப்பட்டது. ஆனால் அவளைச் சென்று சேரவில்லை. 'அந்த ஊசியால்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, இனிப் போடவேண்டாம்' என்னும் முடிவு அன்றிரவே வீட்டில் பிறக்கின்றது.

தட்டம்மைக்கு மலையாளத்தில் 'அஞ்சாம்பனி' என்று பெயர். தொண்டை அடைப்பானைத் 'தொண்டமுள்ளு' என்பர். மீன் உண்ணும் வீட்டில் 'தொண்டையில் முள்' என்றால் என்ன நினைப்பார்கள்? மீன்முள் சிக்கியது என்றே எண்ணிச் சோற்று உருண்டையை விழுங்கச் செய்வார்கள். தொண்டை அடைப்பானோ, தொண்டையில் சாம்பல் நிறத் தோல் போலப் படர்ந்து மூச்சை அடைக்கும் நோய். அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கும். கேரளத்தில் மறைந்துவிட்டது என்று கருதப்பட்ட இந்நோய், 2016ஆம் ஆண்டு மலப்புரம் மாவட்டத்தில் மீண்டும் தலைகாட்டி இளம் உயிர்களைக் கவர்ந்தது. கக்குவான் இருமலுக்கு இங்கே 'வில்லன் சும'; இருமல் என்பதற்கே 'சும' என்பார்கள். பொன்னுக்கு வீங்கி 'முண்டிநீர்' எனப்படும். காசநோய் 'க்ஷயம்'. இளம்பிள்ளை வாதம் 'பிள்ளவாதம்'. சொட்டு மருந்து 'துள்ளி மருந்நு'. தடுப்பூசியின் பெயர் 'பிரதிரோத குத்திவைப்பு'. குத்துதல் என்னும் சொல் கேட்டு மனம் கலங்க வேண்டா. நம் பாட்டன்மாரும் 'அம்மை குத்துதல்' என்றுதானே சொன்னார்கள்?

வடக்கே சென்றவர்களுக்கும் இதே நிலை. இந்தியில் தடுப்பூசிக்கு 'டீகா' என்று பெயர். நெற்றியில் இடும் திலகத்துக்கும் அதே பெயர். கன்னட நாட்டில் 'லசிகெ' என்றும் 'சுச்சுமத்து' என்றும் கேட்பீர்கள், மராத்தியில் 'லஸ்'. எந்த ஊரில் குடியேறினாலும் அரிசி, பால், பேருந்து ஆகியவற்றின் பெயரை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கின்றோம். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி என்னும் நான்கு சொற்களையும் அவ்வாரத்திலேயே கற்றுக்கொள்ளும்படி தாய்மார்களை வேண்டுகின்றேன்.

ஊசி போட்டபின் நான்கு செய்திகளைத் தாய்க்குச் சொல்லவேண்டும் என்பது சுகாதாரப் பணியாளர்க்கு விதித்த கடமை. என்ன ஊசி போடப்பட்டது, அது எந்நோயைத் தடுக்கும் என்பது முதலாவது. அடுத்த தவணை எப்பொழுது, எங்கே என்பது இரண்டாவது. என்ன தொல்லை வரக்கூடும், வந்தால் என் செய்வது என்பது மூன்றாவது. அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டுவருக என்பது நான்காவது. இந்நான்கும் உங்களுக்கு விளங்கும் வரையில் நிலையத்தை விட்டு எழாதீர்கள். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும் என்பதும் விதியாதலின், நேரம் இருக்கின்றது. அண்டை வீட்டு மலையாளச் சகோதரி ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பள்ளியில் மலையாளம் படிக்கும் உங்கள் மூத்த பிள்ளையையும் அழைத்துச் செல்லலாம். எங்கள் தெருவில் தமிழ்ப் பெண்கள் சிலர் அட்டையை என்னிடம் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொல்வதுண்டு. நான் அடுத்த தவணை நாளைத் தமிழில் எழுதி, ஆங்கிலத் தேதியோடு கிழமையையும் குறித்துத் தருவேன். கிழமை எழுதிய அட்டை மறப்பதில்லை என்பது நான் கண்டது.

கிழமை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசு நிலையங்களில் தடுப்பூசி நாள் பெரும்பாலும் புதன்கிழமை. 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் நன்கு பொருந்துகின்றது. நாட்கூலிக்காரர்க்கு ஒரு புதன் என்பது ஒரு நாட் கூலி என்பதை நான் அறிவேன். ஆனால் தட்டம்மை கண்டு நிமோனியாவாக முற்றிய குழந்தையோடு மருத்துவமனையில் கிடக்கும் நாட்களுக்குக் கூலி எத்தனை என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அம்மை என்றால் அது மாரியம்மனின் வருகை என்று வேப்பிலை செருகும் வீடுகள் நம்மவருள் உண்டு. அந்நம்பிக்கையை எள்ளுவது என் கருத்தன்று. கொச்சிக்கு வடக்கே கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலிலும் வசூரிமாலை என்னும் தேவிக்கு மஞ்சட்பொடி படைத்து வழிபடுகின்றார்கள். வசூரி என்பது பெரியம்மைக்கு மலையாளப் பெயர். தமிழரும் மலையாளிகளும் ஒருபோலவே அஞ்சிய நோய் அது. 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் எட்வர்ட் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், மாட்டம்மைச் சீழை ஒரு சிறுவன் கையில் கீறி வைத்துப் பெரியம்மையைத் தடுக்கும் வழி கண்டார். 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இந்திய நாட்டின் முதல் அம்மைக் குத்தலைப் பெற்றது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம் அது. ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்து மறு குழந்தைக்குக் குத்துவார்கள். இவ்வாறு குழந்தைகளின் கைவழியாகவே அம்மருந்து பம்பாயிலிருந்து ஊர்ஊராகப் பயணம் செய்து சென்னையையும் அடைந்தது. திருவிதாங்கூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசி கௌரி லட்சுமிபாயி அம்மை குத்தும் முறையை ஏற்படுத்தினார். நூற்றெழுபது ஆண்டுக்கு மேற்பட்ட முயற்சியின் பயனாக 1975ஆம் ஆண்டோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார அவை அறிவித்தது. மாரியம்மன் கோயிலில் திருவிழா இன்றும் நடக்கின்றது. கொடுங்கல்லூரில் மஞ்சள் இன்றும் மணக்கின்றது. நோய் மட்டுமே போயிற்று.

ஐயம் எழுப்புவோர் எக்காலத்தும் உண்டு. அவர்களுள் பெரியோரும் இருந்திருக்கின்றனர். 1955ஆம் ஆண்டில் சக்கரவர்த்தி இராசகோபாலாசாரியார் பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து நூலே எழுதினார். ஐயத்துக்கு விடை தருவது ஆராய்ச்சியே. 1968ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இலட்சக்கணக்கான மக்களிடையே பி.சி.ஜி.யின் பயனை அளக்கும் பெருஞ்சோதனை தொடங்கிப் பல ஆண்டுகள் நடைபெற்றது. வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பது அதனால் தெரியவந்தது. ஆனால் கைக்குழந்தைகளின் மூளையுறையையும் உடல் முழுவதையும் தாக்கும் கொடிய காசத்திலிருந்து அது காப்பாற்றுகின்றது என்பது வேறு பல ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது. ஆகவேதான் அவ்வூசியைப் பிறந்தவுடன் போடுகின்றார்கள். மருத்துவ அறிவு தனக்குச் சாதகமல்லாத முடிவையும் மறைக்காமல் எழுதி வைக்கின்றது என்பதை இதனால் உணரலாம்.

கைப்பேசியில் பரவும் வதந்திகள் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி பள்ளிகளில் போடப்பட்டபொழுது, பெயரில்லாத செய்திகள் கைப்பேசி வழியே பரவிப் பெற்றோரைக் கலக்கின. 1998ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில், தட்டம்மை ஊசிக்கும் மதியிறுக்கத்துக்கும் தொடர்புண்டு என்னும் கருத்தைக் கிளப்பிய கட்டுரை வெளிவந்தது. தவறானது என்று கண்டு 2010ஆம் ஆண்டு அவ்விதழே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கட்டுரை போயிற்று, வதந்தி மட்டும் இன்னும் திரிகின்றது.

நெருங்கிய வீடுகளில் வாழ்வோர்க்குத் தட்டம்மையைப் பற்றி ஒன்று கூறவேண்டும். காப்பில்லாதவர் நடுவில் ஒரு நோயாளியிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை இந்நோய் தொற்றும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஊசி விழுந்தால்தான் அதன் பரவல் அடங்கும். ஒரே சுவர், ஒரே குழாய், ஒரே முற்றம் உள்ள வரிசை வீடுகளில், ஒன்பது மாதம் நிறையாத பச்சிளங்குழந்தைக்கு அதன் சொந்த ஊசி இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டுக்கொண்ட ஊசிதான் அதற்குக் காப்பு. உங்கள் பிள்ளைக்குப் போடும் ஊசி அடுத்த வீட்டுத் தொட்டிலையும் காக்கின்றது.

நிறைவாகச் சில குறிப்புகள். இலேசான சளியோ காய்ச்சலோ இருப்பதால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டா. செவிலியரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார். ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் ஓரிரு நாள் காய்ச்சலும் இயல்பு. தட்டம்மை ஊசிக்குப் பின் ஏழு முதல் பத்து நாள் கழித்தும் காய்ச்சலும் சிறு தடிப்பும் வரக்கூடும். பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரத்தில் சிறு புண் தோன்றித் தானே ஆறித் தழும்பாகும். எண்ணெயோ மஞ்சளோ களிம்போ பூசாதீர்கள். காய்ச்சல் கடுமையாக இருந்தாலும், வலிப்பு வந்தாலும், குழந்தை ஓயாது அழுதாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். இந்திய அரசின் யூ-வின் என்னும் மின்பதிவேட்டில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொண்டு குழந்தையைப் பதிவு செய்தால், ஓர் ஊரில் போட்ட ஊசியின் விவரத்தை மற்றோர் ஊரிலும் காணலாம். அட்டை தொலைந்துவிட்டால் அதற்காக நிலையத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஊசி போட்டதற்குச் சான்று கிடைக்காவிடில் போடாததாகவே கருதி மீண்டும் போடுவார்கள். அதனால் குழந்தைக்குத் தீங்கில்லை.

2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்து ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்டதே இந்தியாவில் காட்டுக் கிருமியால் வந்த கடைசி இளம்பிள்ளை வாதம். நாடு முழுவதும் கோடிக்கணக்கான குழந்தைகள் சொட்டு மருந்து பெற்றிருந்த காலத்தில், அக்குழந்தைக்கு மட்டும் அது கொடுக்கப்படாமல் போயிருந்தது. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இந்தியா அந்நோய் அற்ற நாடு என்னும் சான்றைப் பெற்றது. நோய் எப்பொழுதும் விடுபட்ட குழந்தையையே தேடி வருகின்றது. ஊர் மாறும் குழந்தையே எளிதில் விடுபடும் குழந்தை.

ஆகவே, தாய்மார்களே, தந்தைமார்களே, அடுத்த முறை ஊருக்கு மூட்டை கட்டும்பொழுது, குழந்தையின் துணிக்கும் பால் புட்டிக்கும் முன்னதாக அட்டையை எடுத்து வையுங்கள். அதில் எழுதாமல் இருக்கும் கட்டம் எது என்று ஒருமுறை பாருங்கள். அக்கட்டம் நிரம்பும் ஊர் தென்காசியாக இருப்பினும் சுள்ளிக்கல்லாக இருப்பினும் குழந்தைக்கு ஒன்றே.